வெட்டுத்துண்டுகளை வேர்விடச் செய்யும் இயற்கை ஊக்கிகள்

கமக்காரர் விதையினால் மட்டுமன்றித் தண்டினாலும் பயிரைப் பெருக்கி வருகின்றனர். மரவள்ளி, வற்றாளை, பொன்னாங்காணி, வெற்றிலை, மிளகு, வேலிக்கு நாட்டும் பூவரசு, கிளுவை, கிளிசரிடியா ஆகியன யாவும் தாய்ச்செடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளினால் உண்டாக்கப்படுவன. முருங்கையும் பெரும்பாலும் அவ்வாறே. இவ்வாறு உண்டாகும் பயிர் தாய்ச்செடியின் குணங்களை அப்படியே பெற்றிருக்கும். விதைநாற்றைக் காட்டிலும் விரைவிற் பலன் தரும். செலவும் குறைவு.

ஆயினும், வெட்டுத்துண்டு ஒவ்வொன்றும் பிழைத்துவிடுவதில்லை. மாரி தொடங்கும் வேளையில் நடுவதற்கென ஆயத்தஞ்செய்த துண்டுகளிற் பாதி அழுகியோ காய்ந்தோ போனால், குறையை நிரப்ப மறுபடியும் தாய்ச்செடியை வெட்டவேண்டும். வெட்டிய துண்டு வேர்விடுமுன் மழை ஓய்ந்துவிடும். ஒரு போகமே வீணாகிவிடும். எனவே துண்டுகள் விரைவாகவும் நிறைவாகவும் வேர்விட வழி யாது என்பது கமக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய வினாவாகும்.

இதற்கெனக் கடைகளில் விற்கப்படும் வேர்விடுதூள்களும் திரவங்களும் பெரும்பாலும் பிறநாடுகளிலிருந்து வருவன. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையிற் செயற்கைப் பசளைகளும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்யப்படுவது தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022 இல் அந்நியச்செலாவணி நெருக்கடி ஏற்பட்டு இறக்குமதிப் பொருள்களின் விலை பெரிதும் உயர்ந்தது. அக்காலந்தொட்டு, வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வேர்விடச் செய்யலாமா எனக் கேட்போர் தொகை பெருகியுள்ளது. இளநீர், கற்றாழை, தேன், கறுவாத்தூள், முருங்கையிலைச் சாறு எனப் பலவும் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்கின்றன.

இவற்றுட் சில பயன் தருவன. சில வேறொரு பயனைத் தருவன. சில யாதொரு பயனும் தராதன. எது எதற்கு உதவும் என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும். முதலில் ஒன்றைத் திடமாகக் கூறவேண்டும். ஊக்கி எதுவாயினும், அது நல்ல தண்டுக்கும் நல்ல நிழலுக்கும் ஈரத்துக்கும் துணையாகுமேயன்றி, அவற்றுக்கு ஈடாகாது.

வேர் தோன்றும் விதம்

தண்டின் நுனி மொட்டிலும் இளந்தளிரிலும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் உண்டாகின்றது. இது தண்டின் வழியே மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் இயல்புடையது. தண்டை வெட்டியவுடன், கீழே செல்ல வழியின்றி ஒட்சின் வெட்டுவாயிற் சேர்கின்றது. அவ்விடத்திலுள்ள கலங்கள் அதனால் தூண்டப்பெற்றுப் பிரிந்து பெருகி, முதலிற் புண்ணை மூடும் தடிப்பையும் பின்னர் வேர்முளைகளையும் உண்டாக்குகின்றன. இதற்கு வேண்டிய உணவு தண்டிற் சேமிக்கப்பட்ட மாப்பொருளிலிருந்தும், துண்டில் விடப்பட்ட இலைகளிலிருந்தும் கிடைக்கின்றது.

இதனை அறிந்தால் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கங்கள் பலவற்றின் காரணம் விளங்கும். துண்டைத் தலைகீழாக நடலாகாது என்பர். ஒட்சின் தண்டின் அடிப்புறத்தையே நாடிச் செல்வதே அதற்குக் காரணம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும் என்பர். கணுவினருகில் வேர் எளிதில் தோன்றுவதே அதற்குக் காரணம். இலைகளை முற்றாகக் களையாது ஒன்றிரண்டை விடவேண்டும் என்பதும் இதுபோன்றதே.

ஒல்லாந்து நாட்டின் உத்திரெக்டு நகரில் பிரிட்சு வெந்து என்னும் அறிஞர் ஓற்ஸ் நாற்றுகளின் நுனியிலிருந்து இவ்வளர்ச்சிப்பொருளைப் பிரித்துக் காட்டி 1928 இல் வெளியிட்டார். 1935 இல் அமெரிக்காவின் பொய்சு தொம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சிம்மர்மன், வில்கொக்சன் என்போர், இந்தோல் பியூற்றிரிக்கமிலம் என்னும் பொருளும் இவ்வாறே வேரைத் தூண்டும் எனக் கண்டனர். இன்று கடையில் விற்கப்படும் வேர்விடுதூள்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளது அப்பொருளே.

ஒட்சினுக்குத் துணையாகவும் எதிராகவும் நிற்கும் இன்னொரு வளர்ச்சிப்பொருளும் உண்டு. அது சைற்றோகைனின் எனப்படும். ஒட்சின் மிகுந்து சைற்றோகைனின் குறைந்தால் வேர் தோன்றும். சைற்றோகைனின் மிகுந்து ஒட்சின் குறைந்தால் தளிர் தோன்றும். ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் 1957 இல் புகையிலைத் தண்டின் இழையத்தைக் கொண்டு இதனை நிறுவினர். இவ்வுண்மையை மனத்திற் கொள்க. இயற்கை ஊக்கிகளை எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதற்கு இதுவே அளவுகோலாகும்.

இளநீரும் தேங்காய்நீரும்

இயற்கை ஊக்கிகளுள் முதலிடம் பெறுவது இதுவே. 1941 இல் வான் ஓவர்பீக்கும் அவருடன் ஆராய்ந்தோரும், ஊமத்தையின் மிக இளங்கருவைத் தேங்காய்நீர் கலந்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினர். அது முதல் உலகெங்கும் இழையவளர்ப்புச் சாலைகளில் தேங்காய்நீர் பயன்பட்டு வருகின்றது. அதில் வெல்லமும் பொற்றாசியம் முதலிய உப்புக்களும் ஒட்சினும் சைற்றோகைனினும் ஒருங்கே உள்ளன.

ஒருங்கே உள்ளன என்பதே கவனிக்கவேண்டியது. சைற்றோகைனின் இருப்பதால், நீர் கலவாத இளநீரில் துண்டுகளை நெடுநேரம் ஊறவிட்டால் வேர்விடுதல் தடைப்படவுங்கூடும். அதிலுள்ள வெல்லம் பங்கசுக்கும் எறும்புக்கும் உணவாகி, வெட்டுவாய் அழுகவும் இடமுண்டு. ஆகவே பின்வருமாறு செய்க.

ஒரு பங்கு புதிய இளநீருடன் மூன்று பங்கு தூயநீரைக் கலந்துகொள்க. துண்டுகளின் அடிப்பாகம் ஓர் அங்குலம் மட்டும் நனையுமாறு நான்கு மணிநேரம் நிழலில் நிறுத்திவைக்க. பின்னர் அடியைத் தூயநீரில் அலசி உடனே நடுக. மிஞ்சிய கரைசலை மறுநாளுக்கு வைக்காது செடிகளின் அடியில் ஊற்றிவிடுக. வெட்டிய இளநீர் நமது வெப்பத்தில் சில மணிநேரத்திற் புளித்துவிடும். புளித்தது இதற்கு உதவாது.

இதற்கென இளநீரை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாள்தோறும் சமையலுக்கு உடைக்கும் தேங்காய்களின் நீர் பெரும்பாலும் கழிவுநீர்த் துவாரத்திற்கே போகின்றது. முற்றிய தேங்காயின் நீரிலும் இவ்வளர்ச்சிப்பொருள்கள் உண்டு. துணியில் வடித்து, மேற்கூறிய அளவிற் கலந்து அன்றே பயன்படுத்தலாம். திருமண வீடுகளிலும் ஆடிவேல் முதலிய விழாக்களிலும் பல தேங்காய்கள் உடைக்கப்படுகின்றன. அவற்றின் நீரை ஏந்தி வைத்தால் சிறு நாற்றகம் ஒன்றுக்குப் போதுமானது கிடைக்கும்.

முருங்கையிலைச் சாறு

முருங்கையிலையிற் சைற்றோகைனின் வகையைச் சேர்ந்த சியற்றின் மிகுதியாக உண்டு. எனவே இது தளிரையும் இலையையும் வளர்க்கும் ஊக்கியாகும். வேர் தோன்றுமுன் துண்டின் அடியை இச்சாற்றில் ஊறவைப்பது பொருந்தாது. துண்டு வேர்விட்டுப் புதிய இலை இரண்டு விரிந்த பின்னர், ஒரு பங்கு சாற்றுடன் முப்பது பங்கு நீர் கலந்து இலைகளில் தெளிக்கலாம். இளங்குருத்து இலைகளைச் சிறிது நீருடன் இடித்துப் பிழிந்து, வடித்து, ஐந்து மணிநேரத்துள் தெளித்தல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளித்தாற் போதும்.

கற்றாழை, தேன், கறுவா

கற்றாழையின் உட்சோறு வெட்டுவாயின் மீது படிந்து ஈரத்தைக் காக்கின்றது. உலர்காற்று வீசும் வடபகுதியில் இது பயனுடையது. நடுவதற்குச் சற்று முன்னர் துண்டின் அடியிற் பூசினாற் போதும். பூசிவிட்டுப் பல மணிநேரம் வெளியில் வைத்தால் காய்ந்து தோலாகிவிடும்.

தேன் வேரைத் தூண்டும் பொருளன்று. அது கிருமிகளை அடக்குவது மட்டுமே. கொதித்தாறிய நீர் இரண்டு கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி தேனைக் கரைத்து அடியைத் தோய்த்தெடுக்கலாம். கலப்படத் தேனாயின் அது வெறும் வெல்லக் கரைசலே. அதனாற் கேடே விளையும்.

கறுவா கொழும்பு மக்களுக்குப் புதிதன்று. நகரின் ஏழாம் பிரிவுக்குக் கறுவாத்தோட்டம் என்னும் பெயர் வந்ததே அங்கு முன்னர் கறுவா பயிரிடப்பட்டமையாற்றான். கறுவாப்பட்டையிலுள்ள எண்ணெய் பங்கசுக்களை அடக்கும் வலியுடையது. மழைமிகுந்த கொழும்பு, கம்பகா, களுத்துறைப் பகுதிகளிற் துண்டுகள் அழுகுவதே பெருந்தொல்லையாதலின், அங்கு இத்தூள் உதவும். வெட்டுவாயில் மெல்லிய படலமாக ஒற்றி எடுக்கவேண்டும். தண்டின் பக்கங்களில் அப்புதல் ஆகாது. அவ்வாறு செய்தால் வேர்முளைகள் கருகிப்போகவுங்கூடும்.

சாணக்கரைசலும் நல்ல நுண்ணுயிர்களும்

மண்ணில் வாழும் அசோஸ்பைரில்லம் என்னும் பற்றீரியா தானே ஒட்சினை உண்டாக்கி வேர்வளர்ச்சிக்கு உதவுகின்றது. திரைக்கோடெர்மா என்னும் நற்பங்கசு, நாற்றழுகலை விளைக்கும் தீய பங்கசுக்களைத் தின்றும் நெருக்கியும் அடக்குகின்றது. நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மண்புழுவெருவுடன் திரைக்கோடெர்மாவைக் கலந்து ஒரு வாரம் ஈரமாக மூடிவைத்து, பின்னர் நாற்றுக்கலவையிற் சேர்த்தல் நன்று.

பச்சைச் சாணத்தில் துண்டை ஊன்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மக்காத சாணம் சூடுண்டாக்கும். தீய பங்கசுக்களையும் கொண்டுவரும். முற்றிய கதியால்கள் இதனைத் தாங்கினும், வெற்றிலை, மிளகு போன்ற இளந்தண்டுகள் தாங்கமாட்டா.

கடையில் விற்கும் வேர்விடுதூள்

இதனை முற்றாக விலக்கவேண்டும் என்பதில்லை. செடியில் இயல்பாகவுள்ள ஒட்சினை ஒத்த பொருளே இதிலுள்ளது. துண்டொன்றுக்கு வேண்டிய அளவோ மிகமிகச் சிறிது. மிளகுத் துண்டுகளுக்கு ஒரு லீற்றரில் ஒரு கிராம் இந்தோல் பியூற்றிரிக்கமிலம் உள்ள கரைசலில் அடியை 45 செக்கன் தோய்த்தெடுப்பது போதுமென இந்தியாவின் கோழிக்கோட்டிலுள்ள நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கின்றது. அளவு மிஞ்சினால் அடி கறுத்து அழுகும். எளிதில் வேர்விடாத செடிகளுக்கே இதனை வாங்குவது தகும். மரவள்ளிக்கும் வற்றாளைக்கும் இதனை வாங்குவது பணத்தை மண்ணிற் கொட்டுவதாகும்.

தாய்ச்செடியும் தண்டும்

மேற்கூறிய ஊக்கிகள் யாவற்றினும் மேலானது தகுந்த தண்டைத் தெரிதல். இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையிற் பணிபுரியும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஓரிலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டிலிருந்து தேயிலைக் கன்றை உண்டாக்கும் முறையைத் தோட்டங்களெங்கும் பரப்பியது. மலைநாட்டிற் பெருந்தொகையான கன்றுகள் இம்முறையால் உண்டாயின. அங்கு முதன்மையாகப் போற்றப்படுவன தெரிந்தெடுத்த தாய்ச்செடி, அமிலத்தன்மை வாய்ந்த மண், நிழல், ஈரக்காற்று ஆகிய நான்குமே.

நீங்களும் இவற்றைக் கவனிக்க. தாய்ச்செடி நோயற்றதாகவும் நன்கு காய்ப்பதாகவும் இருத்தல் வேண்டும். யூரியா மிகுதியாக இட்டுத் தழைத்த செடியின் தண்டு சதைப்பற்றாகவும் மாப்பொருள் குறைந்ததாகவும் இருக்கும். அது எளிதில் அழுகும். பூவும் காயும் தாங்கிய கிளையை விடுத்து வளர்கிளையை எடுக்க. காலையில் வெயில் ஏறுமுன் வெட்டுக. கத்தி கூரியதாகவும் கொதிநீரிற் கழுவியதாகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் வேருக்குப் பதிலாக அழுகலே தோன்றும். வெட்டிய துண்டுகளை ஈரச்சாக்கிலோ வாழையிலையிலோ சுற்றி நிழலில் வைக்க.

வேரூன்றும் பாத்தி

ஆற்றுமணல் ஒரு பங்கும் கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கும் கலந்தது பெரும்பாலான துண்டுகளுக்கு ஏற்றது. புதிய தும்புத்தூளில் உப்பும் துவர்ப்பொருளும் இருப்பதால், மூன்று முறையேனும் நீர்விட்டு அலசிப் பிழிதல் வேண்டும். நெற்செய்கையாளர் உமியைக் கருக்கிப் பெறும் உமிக்கரியை மணலுடன் சமமாகக் கலந்தும் பயன்படுத்தலாம். அது நீரை வடியவிட்டு ஈரத்தையும் காக்கும். கடல்மணல் ஒருபோதும் ஆகாது.

பாத்தியின் மேல் மூன்றடி உயரத்திற் கிடுகுப் பந்தலிட்டு அரைவாசி வெயிலைத் தடுக்க. இளந்தண்டுகளாயின் மூங்கிற் கீற்றை வளைத்து ஊன்றிப் பொலித்தீனால் மூடுக. மூடிய பாத்தியின் உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் இலை வாடாது. நாளொன்றுக்கு ஒருமுறை சிறிது நேரம் திறந்து காற்றாட விடுக. பாத்தி நனைந்திருக்கவேண்டுமேயன்றி நீர் தேங்கியிருக்கலாகாது. கலவையைக் கையிற் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிவதே தகுந்த ஈரம்.

வேர்விட்டதை அறிய அடிக்கடி பிடுங்கிப் பார்த்தல் தீது. புதிய தளிர் விரிந்து, மெல்ல இழுத்தால் துண்டு எதிர்த்து நின்றால் வேர் பிடித்தது எனக் கொள்க. பின்னர் பொலித்தீனைச் சிறிது சிறிதாக அகற்றி, ஒரு வாரம் வெளிக்காற்றுக்குப் பழக்கி நடுக.

பயிர்வாரியாகச் செய்யவேண்டுவன

கிளிசரிடியா: வயல்வரம்பில் நாட்டுவதற்கு இதனினும் ஏற்றது அரிது. இதன் தழையை நாற்று நடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் சேற்றில் மிதித்துவிட்டால் நல்ல தழைப்பசளையாகும். உலர்ந்த தழையில் ஏறத்தாழ 3 முதல் 4 வீதம் நைதரசன் உண்டு. மூன்று முதல் ஐந்தடி நீளமும் கைப்பெருவிரலிலும் தடித்த பருமனும் உடைய முற்றிய கதியால்களை மாரி தொடங்கும்போது நாட்டுக. ஊக்கி எதுவும் வேண்டியதில்லை.

மரவள்ளி, வற்றாளை: மரவள்ளிக்கு எட்டு மாதத்துக்கு மேற்பட்ட தண்டில் நடுப்பாகத்தை எட்டங்குலத் துண்டுகளாக வெட்டுக. வற்றாளைக்குக் கொடியின் நுனியிலிருந்து ஓரடி நீளம் எடுத்து, இரண்டு நாள் நிழலில் ஈரச்சாக்கால் மூடிவைத்தால் கணுக்களில் வேர்முளை தோன்றும். அதுவே போதிய ஊக்கமாகும்.

முருங்கை: காய்ப்பு ஓய்ந்தபின் மூன்றடிக் கிளையை வெட்டி, வெட்டுவாய் ஓரிரு நாள் நிழலில் ஆறியபின் நாட்டுக. நீர் தேங்கும் இடத்தில் இது அழுகும். கறுவாத்தூளை அடியில் ஒற்றலாம்.

பொன்னாங்காணி: நான்கு முதல் ஆறங்குலத் துண்டு ஒரு வாரத்தில் வேர்விடும். ஊக்கி வேண்டா.

வெற்றிலை: மேல்நோக்கி ஏறும் கொடியில் மூன்று முதல் ஐந்து கணுவுள்ள துண்டுகளை எடுக்க. நீர்கலந்த இளநீர் ஊறலைப் பரீட்சித்துப் பார்க்கத் தகுந்த பயிர் இது.

மிளகு: இதற்கு நம் நாட்டிலேயே தோன்றிய சிறந்த முறையொன்று உண்டு. பாவப்பா, குருசிங்க என்னும் இருவர் 1978 இல் வெளியிட்ட இம்முறை பின்னர் இந்தியாவிலும் கைக்கொள்ளப்பட்டது. நீளவாட்டிற் பிளந்த மூங்கிலைச் சரிவாக நிறுத்தி, அதன் குழியிற் தும்புத்தூளும் மக்கிய எருவும் நிரப்பி, கொடியின் ஒவ்வொரு கணுவும் அதில் அழுந்துமாறு கட்டிவரவேண்டும். கொடி தாயோடு இணைந்திருக்கும்போதே கணுதோறும் வேர்விடும். மூங்கிலின் உச்சியைக் கொடி எட்டியதும் நுனியைக் கிள்ளி, அடியில் மூன்று கணுவுக்கு மேலே தண்டைச் சிறிது நசுக்குக. பத்து நாளில் இலைக்கக்க மொட்டுகள் எழும்பும். அப்போது நசுக்கிய இடத்தில் வெட்டி, ஒரு கணுவுக்கு ஒரு கன்றாகப் பிரித்துப் பைகளில் நடலாம். ஒரு கொடியிலிருந்து ஆண்டொன்றுக்கு நாற்பது கன்றுகள் வரை பெறலாம். இங்கே ஊக்கியின் வேலையைத் தாய்க்கொடியே செய்துவிடுகின்றது.

தேசி, கொய்யா: இவற்றின் துண்டுகள் எளிதில் வேர்விடா. மரக்கிளையிலேயே பட்டையை வளையமாக நீக்கிப் பதிவைத்தலே தக்கது. தென்னை, பனை, கமுகு ஆகியவற்றைத் தண்டுத்துண்டினால் உண்டாக்க இயலாது. எந்த ஊக்கியும் அதனை மாற்றாது.

கொழும்பில் வாழ்வோர் கவனத்துக்கு

ஊரில் வயலும் தோட்டமும் உடையோர் பலர் தொழிலின் பொருட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கின்றனர். வீட்டு முற்றமோ மேல்மாடமோ பாய் விரிக்கும் அளவுடையதாயினும், நூறு வெட்டுத்துண்டுகளை வேர்விடச் செய்ய அவ்விடம் போதும். கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. காற்றிலும் ஈரம் மிகுதி. ஆகவே துண்டுகள் இங்கு காய்ந்துபோவது அரிது. அழுகுவதே பெரிது. மணலின் அளவைக் கூட்டுக. மழைநீர் நேரே விழாது காக்க.

கடலோரத்துக் கிணற்றுநீர் உவராயின் அதனை ஊற்றலாகாது. குழாய்நீரை ஓரிரவு வாளியில் மூடிவைத்து மறுநாட் பயன்படுத்துக. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுச் சூழலில் நீர் தேங்கவிடுவதைக் குற்றமாக்குகின்றது. டெங்கு நுளம்பு சிறு போத்தலிலும் சட்டியின் கீழ்த்தட்டிலும் முட்டையிடும். ஆகையால் போத்தல் நீரிற் துண்டுகளை நிறுத்தி வேர்விடச் செய்வதைத் தவிர்த்து, மணற்சட்டியில் நடுக. கீழ்த்தட்டு வைப்பதாயின் அதில் மணலை நிரப்பிவிடுக.

வேர்விட்ட கன்றுகளை ஊருக்கு எடுத்துச் செல்லும்போது, வேரை ஈரத் தும்புத்தூளால் மூடி வாழையிலையிற் சுற்றிக் கட்டுக. மாலையில் நட்டு, ஒரு வாரம் நிழல் கொடுக்க.

நோய் துண்டோடு செல்லும்

ஊக்கி எதுவும் நோயைத் தீர்க்காது. மரவள்ளித் தேமல் நோயை விளைக்கும் வைரசு இனமொன்று இந்நாட்டில் இனங்காணப்பட்டு, இலங்கையின் பெயராலேயே வழங்குகின்றது. 2015 இல் அது கம்போடியாவின் இரத்தனகிரி மாகாணத்திற் காணப்பட்டு, நோயுற்ற தண்டுகளாலும் வெள்ளீயினாலும் தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. நோயுற்ற தண்டு நன்றாக வேர்விடும். தளிரும் விடும். நோய் தோன்றும்போது தோட்டம் முழுவதும் அது பரவியிருக்கும். இலையில் மஞ்சள் தேமலும் சுருக்கமும் உள்ள செடியிலிருந்து ஒரு துண்டேனும் எடுக்காதீர்கள்.

நீங்களே பரீட்சித்துப் பாருங்கள்

ஓரிடத்திற் பயன் தந்த ஊக்கி வேறிடத்திலும் பயன் தரும் என்பதற்கில்லை. மண்ணும் நீரும் செடியின் இனமும் வேறுபடும். ஆகவே நூற்றுக்கணக்கிற் துண்டுகளை ஊறவைக்குமுன் சிறு பரீட்சையொன்று செய்க.

ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒரே பருமனுள்ள அறுபது துண்டுகளை எடுத்து இருபது இருபதாகப் பிரிக்க. முதல் இருபதை வெறுநீரிலும், இரண்டாம் இருபதை நீர்கலந்த இளநீரிலும் நான்கு மணிநேரம் நிறுத்திவைக்க. மூன்றாம் இருபதுக்குக் கறுவாத்தூளை மட்டும் ஒற்றுக. மூன்றையும் ஒரே பாத்தியில் ஒரே நாளில் நட்டு, பெயர் எழுதிய குச்சியை ஊன்றுக. முப்பதாம் நாள் கவனமாகத் தோண்டி, வேர்விட்டவை எத்தனை, அழுகியவை எத்தனை, வேரின் நீளம் எவ்வளவு என எழுதிக்கொள்க.

வெறுநீரில் நின்றவற்றுள் பதினெட்டும் இளநீரில் நின்றவற்றுள் பத்தொன்பதும் வேர்விட்டிருந்தால், அப்பயிருக்கு ஊக்கி வேண்டியதில்லை. வெறுநீரில் எட்டும் இளநீரில் பதினைந்தும் வேர்விட்டிருந்தால், அடுத்த முறை யாவற்றையும் இளநீரில் நிறுத்தலாம். மூன்றிலும் ஒன்றுபோலவே பெரும்பாலானவை அழுகியிருந்தால், குறை தண்டிலோ பாத்தியிலோ உள்ளது. வேறு ஊக்கி தேடாது, முதலில் அதனைத் திருத்துக. ஒரே முறை கண்டதைக் கொண்டு முடிவுசெய்யாது, மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்து பார்த்தல் நன்று.

சுருங்கக் கூறின்

நோயற்ற தாய், முற்றிய தண்டு, கூரிய கத்தி, நீர் வடியும் பாத்தி, நிழல், ஈரம் ஆகிய ஆறும் அமைந்தபின் ஊக்கியை நாடுக. வேர்விடுமுன் நீர்கலந்த இளநீர். அழுகல் மிகுந்த இடத்திற் கறுவா. உலர்ந்த இடத்திற் கற்றாழை. வேர்விட்டபின் முருங்கைச் சாறு. இவ்வொழுங்கு மாறாதிருக்கட்டும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். பரீட்சையிற் கண்ட எண்ணிக்கையையும் அவரிடம் எடுத்துச் செல்க. உங்கள் குறிப்பு அயலிலுள்ள கமக்காரருக்கும் பயன்படும்.